நூல் கட்டிய நாலாவது பிளக்

இன்று காலை மேசை இழுப்பறையின் அடியில் கையை விட்டபோது விரலில் நூல் சிக்கியது. இழுத்தால் அதன் முனையில் அந்த ஸ்பார்க் பிளக். பூக்கட்டும் வெள்ளை நூல், நீ போட்ட இரட்டை முடிச்சு, எல்லாம் அப்படியே இருக்கிறது. நூல்தான் பழுப்பேறிவிட்டது. பிளக் புதுக்கருக்கு அழியாமல் மினுங்குகிறது. எந்த இன்ஜினுக்குள்ளும் அது ஒரு நாள்கூட இருந்ததில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்ததும் அதே அளவில் ஒரு பிளக்தான். பட்டறை வாசலில் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. ஆமாம், அதே கார்தான், சர்வீசுக்கு வந்திருந்தது. நான்கு புது பிளக் தருவித்து வைத்திருந்தேன். மூன்றை மாட்டிவிட்டு நாலாவதைக் கை தவறித் தரையில் போட்டுவிட்டேன். கீழே விழுந்த பிளக்கை, அதன் பீங்கானை நம்பி, மாட்டக்கூடாது என்பது உன் சட்டம். காரின் சொந்தக்காரர், உனக்குத் தெரியுமே, அந்தக் கருவேப்பிலங்குறிச்சித் தம்பி, என் கையில் நூலோடு தொங்கியதைப் பார்த்துவிட்டு, "அதான் புதுசு ஒண்ணு இருக்குதே, அதை மாட்டிடுங்கண்ணே" என்றார். நான் மாட்டவில்லை. ஏன் என்று சொல்லப் போய், உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு வருடமாக நான் விழுங்கி வைத்திருந்த விஷயம் அது. சொன்ன பிறகு எனக்குத் தெரிய வந்தது வேறொன்று. அதை உன்னிடம் சொல்லாமல் இன்றைக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கார் முதன்முதலாக நம் தெருவுக்குள் வந்த நாள் நினைவிருக்கிறதா? தெருவே வெளியே வந்து நின்றது. நீ பீங்கான் கம்பெனியிலிருந்து புடவை ஓரத்தில் வெள்ளைத் தூசியோடு வந்து, காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இதுல குடும்பம் எப்பிடிங்க உக்காரும்?" என்று கேட்டாய். இரண்டு பேருக்குத்தான் இடம், பின்னால் ஒரு குழந்தையைத் திணிக்கலாம் என்றேன். "அப்ப இது காரு இல்ல, பெரிய பைக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அதற்கு வந்த நோய் விசித்திரமானது. பத்து நாள் சிங்கம் போல ஓடும். பதினோராம் நாள், வேகத்தில் போகும்போது மஞ்சள் விளக்கு எரிந்து, இழுவை செத்து, கட்டை வண்டியாகிவிடும். நிறுத்தி மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஸ்கேனரைச் செருகினால் ஒரு நாள் மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது என்று எரர் கோடு, அதாவது குறையின் எண், காட்டும். மறுநாள் ஏதோ ஒரு சென்சார் மேல் பழி போடும். இன்னொரு நாள் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்யும். சென்னையில் இரண்டு பட்டறை பார்த்துக் கைவிட்ட வண்டி. ஆகவே எனக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸ்காரனுக்குப் பிடிபடாதது விருத்தாசலத்தில் பிடிபட்டது என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை.

மூன்றாவது சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலை மாற்றினேன். ஸ்கேனரில் எரர் கோடுகளை அழித்தேன். பெண்ணாடம் வரை இரண்டு முறை போய்வந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. "சரியாயிடுச்சு தம்பி, தைரியமா ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வரும் என்று உனக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் நாள், அதே பெண்ணாடம் ரோட்டில் தம்பி ஒரு கரும்பு டிராக்டரை முந்தும்போது இழுவை செத்துவிட்டது. எதிரே பஸ். பக்கத்து இருக்கையில் ஏழு மாத வயிற்றோடு அவர் மனைவி. பஸ் டிரைவர் மண்ணில் இறக்கி ஒடித்ததால் மூன்று உயிரும் பிழைத்தது. அந்தத் தம்பி வந்து சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "நீங்க சரியாயிடுச்சுன்னு சொன்னீங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, காரை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார். அந்தப் பெண் இனி அந்தக் காரில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். நீ தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது.

மூன்று நாள் ஒயர் ஒயராகப் பிரித்தேன். பட்டறைக்குள் நிற்கும்வரை அந்தக் கார் பரம சாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நீ டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் எரர் கோடுகளைக் குறித்து வைத்திருந்த தாளை எட்டிப் பார்த்தாய்.

"இது எப்பெப்ப வருதுன்னு எழுதி வச்சிருக்கீங்க. எப்ப வரவே வரலை?"

எனக்கு எரிச்சல். நின்றால் வராது, மெதுவாகப் போனால் வராது, இன்ஜின் ஆறியிருந்தால் வராது, சூடேறி வேகத்தில் மிதிக்கும்போதுதான் வரும் என்று கடுகடுவென்று சொன்னேன். நீ அந்தத் தாளை மறுபடி ஒருமுறை படித்தாய். பிறகு, "சும்மா இருக்கையில நல்லாருக்குது, வேலை வாங்குனா விட்டுப்போவுது. விரிசல் வுட்ட பீங்கான் கட்டை மாதிரி இருக்குதுங்க. இந்த வண்டிக்குள்ள பீங்கான் எங்க இருக்குது?" என்றாய்.

பிளக்கின் கழுத்து பீங்கான்தான் என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அதுவும் நக்கலாக. கார் தம்பிக்கு வந்த புதிதில், போன சர்வீசில்தான் நாலு பிளக்கும் மாற்றியிருக்கிறார்கள், எல்லாம் புதுசு என்றேன்.

"கம்பெனியில நான் நாளெல்லாம் பழுதுன்னு கழிச்சுப் போடுறது எல்லாமே புதுசுதாங்க" என்றாய் நீ.

முப்பது வருடம் வண்டி பார்த்தவன் நான். புதுசு என்றால் நல்லது என்று நானும், எனக்கு முன்னால் பார்த்த இரண்டு பட்டறையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போன இடத்தில், நீ தினமும் காலை எட்டு மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாய்.

உன் வேலையை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். உன் கம்பெனி வேனுக்கு ஸ்டார்ட்டர் பார்க்க வந்தபோது. சூளையிலிருந்து வந்த பீங்கான் பியூஸ் கட்டைகள் குவியலாகக் கிடக்க, நீயும் இன்னும் ஐந்தாறு பெண்களும் இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டி, மணி போல ஒலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீ யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தாய், கை பாட்டுக்கு நல்லதை வலப்பக்கமும் பழுதை இடப்பக்கமும் தள்ளியது. நீ தள்ளிய ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. நல்ல குவியலில் வைக்கப் போனேன். நீ தலையைத் திருப்பாமலே, "அதை அங்க வைக்காதீங்க, அது பேசலை" என்றாய். அன்று அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையாக இல்லை. நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன். பூ நூலால் ஒவ்வொன்றையும் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, வீட்டுச் சாவியால் தட்டினாய். என் காதுக்கு நாலும் ஒன்றுதான். மூன்றாவது சிலிண்டரில் இருந்ததை நீ மூன்று தடவை தட்டினாய். "இரும்பைக் கட்டிக்கினு இருக்கறதால சரியாப் பேச மாட்டேங்குது. ஆனா இது சத்தத்த சீக்கிரம் நிறுத்திக்குது" என்றாய். நான் உடனே அதைத் தூக்கிப் போடப் போனேன். நீ விடவில்லை. காது சொன்னதைக் கண்ணும் சொல்ல வேண்டும் என்று உள்ளே போய், வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொண்டுவந்தாய். பீங்கான் கழுத்தில் நீலத்தை ஊற்றி ஊறவிட்டு, கழுவி, முந்தானையால் அழுத்தித் துடைத்தாய். இரும்பு வளையத்தை ஒட்டி, முடியைவிட மெல்லிசாக, ஒரு நீலக் கோடு நின்றது. மாட்டும்போது யாரோ ஸ்பேனரைச் சாய்த்து முறுக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் அந்த விரிசல் பிளக்கை வேண்டுமென்றே முதல் சிலிண்டரில் மாட்டிக்கொண்டு, ஆளில்லாத பெண்ணாடம் ரோட்டில் நான் மட்டும் போனேன். குறை நிஜமாகவே அதில்தான் என்றால், மூன்றாவது சிலிண்டர் என்று காட்டிய எரர் கோடு முதல் சிலிண்டர் என்று மாற வேண்டும். போகும்போது ஒன்றும் வரவில்லை. திரும்பும்போது சூடேறி, அழுத்தி மிதித்தேன். இழுவை செத்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி ஸ்கேனரைப் பார்த்தேன். முதல் சிலிண்டர். இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற அந்த ரோட்டில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லட்சக்கணக்கில் விலையுள்ள வண்டி, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், என் கையில் இன்னொரு கம்ப்யூட்டர், மூன்று பட்டறை. இத்தனை பேரும் தேடியதை நீ ஒரு வீட்டுச் சாவியால் தட்டிச் சொல்லியிருக்கிறாய். கோவிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

புதுசாக நாலு பிளக் வந்தது. அதையும் தட்டிப் பார்க்காமல் நீ விடவில்லை. நாலாவதை ஒதுக்கினாய். நீலம் போட்டோம், நீலக் கோடு எதுவும் நிற்கவில்லை. ஆனாலும், "மனசு ஒப்பலைங்க" என்றாய். இன்னொன்று வர இரண்டு நாளாகும், அந்தத் தம்பி போனில் நச்சரிக்கிறார், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒருமுறை வாக்குக் கொடுத்து மூன்று உயிரைப் பஸ்ஸுக்கு எதிரே நிறுத்தியவன், எந்த முகத்தோடு உன்னிடம் கத்துவது? காத்திருந்தேன். அதுதான் இன்று விரலில் சிக்கிய பிளக்.

காரை எடுக்க இருவரும் வந்தார்கள். "எப்பிடிண்ணே கண்டுபுடிச்சீங்க?" என்று தம்பி கேட்டார். நீ டீத் தட்டோடு எனக்குப் பின்னால்தான் நின்றாய். நான் சொன்னேன், "எல்லாம் அனுபவந்தான் தம்பி." அந்தப் பெண் காரில் ஏறினாள். என் பேச்சை நம்பித்தான் ஏறினாள் என்று எனக்குப் பெருமை. மூன்று மாவட்டத்துக்கு என் பேர் போனது. சாயங்காலம், கோபமா என்று உன்னைக் கேட்டேன். "நல்ல கட்டைமேல எங்க பேரையா எழுதுறாங்க?" என்று சிரித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. போன ஐப்பசியிலிருந்து நீயும் இல்லை.

இன்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்டுபிடித்தது என் மனைவி, நான் இல்லை என்று. தம்பி திகைத்துப்போனார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மடியில் இருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியுங்கண்ணா" என்றாள்.

அன்று தம்பி உள்ளே பணம் எண்ணிக்கொண்டிருக்க, நான் கை கழுவப் போன நேரத்தில் அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு ஏற முடியாமல் நின்றாளாம். நீ பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாயாம். "அக்கா சொன்னது ஒரு எழுத்து மறக்கலைங்க" என்று சொல்லிவிட்டு, நீ சொன்னதைச் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு சொல்றத நம்பி ஏறாத பாப்பா. நாலையும் நான் தட்டிப் பாத்துட்டேன். மனசுக்கு ஒப்பாத ஒண்ணை எடுத்துட்டேன். உன் வயித்துல இருக்கறத நெனச்சுத்தான் ரெண்டு நாள் கூட ஆச்சு. இப்ப ஏறு. அவுருகிட்ட இதச் சொல்லாத, வருத்தப்படுவாரு."

நான் காரின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றே வைத்துக்கொள். அந்தப் பெண் ஏறியது என் அனுபவத்தை நம்பி இல்லை, உன் கையைப் பிடித்து. நீயும் அவளும் அதை இத்தனை வருடம் எனக்காக, என் அற்பப் பெருமைக்காக, மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்திருக்கிறது. தம்பிக்கும் அது இன்றைக்குத்தான் தெரியுமாம். நீ சொன்ன சொல்லை அவள் புருஷனிடம்கூடச் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

நாலாவது பிளக்குக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், நாளை மறுநாள் வரும். அதுவரை கார் இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு மூவரும் பஸ்ஸில் போனார்கள். இப்போதெல்லாம் எந்த பிளக் வந்தாலும் நூலில் கட்டித் தட்டிப் பார்க்கிறேன். என் காதுக்குப் பாதிதான் பிடிபடுகிறது, மீதிக்குச் சொட்டு நீலம்தான் துணை. சரியாயிடுச்சு என்று யாரிடமும் சொல்வதில்லை. நான் பார்த்தவரைக்கும் குறை இல்லை என்றுதான் சொல்கிறேன். அந்தப் பிளக்கையும் இன்று ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, உன் சாவியால் வெகுநேரம் தட்டினேன். அதில் உனக்கு என்ன கேட்டது என்று எனக்குக் கேட்கவே இல்லை. நூலை அவிழ்க்காமல் இழுப்பறையில் வைத்துவிட்டேன். நீ ஒதுக்கியதை நான் யார் வண்டியிலும் மாட்ட மாட்டேன்.