உங்கள் பேனரில் இருந்த அந்தப் பட்டப்பெயர்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. முந்தாநாள் உங்கள் திதி. பெரியநாயக்கன்பாளையத்தில் நம் ஃபவுண்டரி வாசலில் தம்பி செந்தில் பன்னிரண்டடி உயரத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தான். வெள்ளைச் சட்டையில் வழக்கம்போல் முறைத்துக்கொண்டிருந்தீர்கள். படத்துக்குக் கீழே, உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில், "எங்கள் ஃபவுண்டரியின்" என்று ஆரம்பித்து அந்த ஜெர்மன் கொலைகாரனின் பெயர்.

அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எது என்று உங்களுக்குத் தெரியும். முப்பது வருடம் அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டவர்தானே நீங்கள்? லேட்டாக வந்தவனை வெயிலில் நிற்க வைத்தால் அந்தப் பெயர், உருக்கி ஊற்றிய வார்ப்பு கெட்டுப்போனதற்குக் கத்தினால் அந்தப் பெயர். நம் வீட்டில் மட்டுமா? கண்டிப்பான ஹெட்மாஸ்டர், கண்டிப்பான மாமியார், எல்லோருக்கும் அதையே சூட்டிச் சிரிக்கிற ஊர் இது. அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றவன் நமக்கு ஒழுங்குக்கு உதாரணம். சீ, என்ன ஜென்மங்கள் நாம்?

எஸ்தரை ஞாபகம் இருக்கிறதா? காலேஜில் என்னோடு பிசிக்ஸ் பாடம் நடத்தியவள். ஒரு தடவை நம் வீட்டுக்கு வந்தாள். நீங்களே காபியைக் கொடுத்து, "ஏனுங்க அம்மணி, என்னைய இங்க எல்லாரும் என்னன்னு கூப்புடுவாங்க தெரியுமுங்களா?" என்று பெருமையாக அந்தப் பெயரைச் சொன்னீர்கள்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் யூதப் பொண்ணுங்க. எங்க தாத்தா டாக்டருங்க, ஜெர்மனியில இருந்து தப்பிச்சுக் கொச்சிக்கு வந்தவரு. அவரு கூடப்பொறந்தவங்க ஒருத்தரும் உசுரோட மிஞ்சலைங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அதெல்லாம் பழைய அரசியலுங்க. ஆளு டிசிப்ளினான ஆளு." நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. முறுக்குத் தட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அதற்குப் பிறகும் அவள் என்னோடு பழகினாள். அது அவளுடைய பெரிய மனசு.

நீங்கள் போன பிறகு நடந்தது ஒன்று. துடியலூரில் எஸ்தரின் பேத்தி படிக்கிற பள்ளியில் மாறுவேடப் போட்டி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அவனைப்போலவே ஒட்டு மீசையோடு மேடையேறி, கையை விறைப்பாக நீட்டியது. ஒரே கைதட்டல். முதல் பரிசும் அதற்குத்தான். குழந்தைக்கு என்ன தெரியும்? மீசை ஒட்டிவிட்டவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று? அந்தப் போட்டோ பெற்றோர் வாட்ஸப் குழுவில் வந்தது. அவன் செய்ததும் சரிதான், யூதர்கள் உலகத்தையே ஆட்டிவைக்கிறார்கள் என்று கீழே ஒருவர் எழுத, அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல். எஸ்தரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள், அப்பா.

அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். எஸ்தரைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போனேன். அந்தம்மா முகம் வெளுத்துவிட்டது. "தெரியாம நடந்துபோச்சுங்க மேடம். நீங்களே வந்து எங்க டீச்சருங்களுக்கு எடுத்துச் சொல்லுங்களேன்" என்றார். அந்தப் பள்ளியின் வரலாற்று டீச்சர் கலைவாணி எங்களோடு சேர்ந்துகொண்டாள். பிறகு சில பெற்றோரும் வந்தார்கள். இதுவரை நான்கு பள்ளிகளுக்குப் போயிருக்கிறோம். எஸ்தர் தன் தாத்தா வீட்டுப் போட்டோவைக் காட்டி, அதில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லுவாள். ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இன்றைய போரைச் சொல்லி எஸ்தரைப் பார்த்துக் கத்தினார். கலைவாணி விடவில்லை. "ஒரு அரசாங்கம் செய்யறது தப்புன்னா அந்த அரசாங்கத்தைக் கேளுங்க சார். துடியலூர்ல குடியிருக்கற எஸ்தர் மேடத்தை எதுக்குங்க கேக்கறீங்க?" என்றாள்.

இந்த வாரம் கருமத்தம்பட்டியில் ஒரு பள்ளி. அதற்குள் உங்கள் பேனர் வந்து நின்றது.

திதியன்று காலையில் கலைவாணி போன் பண்ணினாள். "மேடம், உங்கப்பா பேனர் போட்டோ கருமத்தம்பட்டி வரைக்கும் போயிருச்சுங்க. சொந்த அப்பாவுக்கே இப்படிப் பேனர் வெச்சுப்போட்டு நம்ம பசங்களுக்குப் பாடம் எடுக்க வாராங்களான்னு கேக்கறாங்க. கூட்டமே வேண்டாங்கறாங்க." எஸ்தர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாளா என்பதுதான் முதலில் தோன்றியது.

நேராக ஃபவுண்டரிக்குப் போய்ச் செந்திலைப் பிடித்தேன். "அக்கா, அப்பா ஆசையா வெச்சிருந்த பேருக்கா. திதியும் அதுவுமா பேனரைக் கழட்டுனா ஊரு சிரிக்கும்" என்றான். "சிரிக்கட்டும்டா! இத்தனை நாளா சிரிச்சதுக்கு இது ஒண்ணும் கேவலமில்ல" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு ரங்கசாமி அண்ணன் வெளியே வந்தார். உங்களிடம் நாற்பது வருடம் அச்சில் இரும்பு வார்த்தவர். பேனரைக் காட்டி, "அந்தப் பேரை வெச்சதே நாங்கதானுங்க" என்றார்.

"பாத்தியாக்கா?" என்றான் செந்தில்.

"நான் இன்னும் சொல்லி முடிக்கலீங்க தம்பி. என்ற சம்சாரம் பிரசவத்துல உசுருக்குப் போராடிட்டுக் கெடந்தா. ஒருநாள் லீவு குடுங்கன்னு கால்ல உழுந்து கேட்டேன். உடலீங்க. அன்னிக்கு நாங்க நாலு பேரு வயித்தெரிச்சல்ல வெச்ச பேருங்க அது. கொலகாரன்னு வைஞ்சோமுங்க. அது அவரு காதுல உழுந்துது. சந்தோசமாச் சிரிச்சுப்போட்டாரு. அப்பறம் அது வசவுங்கன்னு நாங்க எப்படீங்க சொல்றது?"

அப்பா, கேட்டீர்களா? உங்கள் முன்னால் நின்று உண்மையைச் சொல்ல நம் ஆட்களில் ஒருவருக்குக்கூடத் தைரியம் இல்லாமல் வைத்திருந்தீர்களே. அவர்களுக்கும் இல்லை, பெற்ற மகள் எனக்கும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன். இப்படிச் செத்துப்போனவரிடம் கத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

செந்திலே ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். ரங்கசாமி அண்ணன் ஏறிக் கயிற்றை அறுத்தார்.

கருமத்தம்பட்டிப் பள்ளிக்கு நானே போன் பண்ணினேன். ஒன்று விடாமல் சொன்னேன். அந்தத் தலைமை ஆசிரியர் கேட்டுவிட்டு, "வாங்கம்மா, இதையும் பசங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். வியாழக்கிழமை நானும் எஸ்தரும் கலைவாணியும் போகிறோம்.

நான் எம்.எஸ்ஸி. படிக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் குதித்தபோது, தனி ஆளாக நின்று என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். அதையும் அங்கே சொல்வேன். சொல்லிவிட்டு, எஸ்தரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, இருநூறு பிள்ளைகள் முன்னால், உங்கள் பெயரைச் சொல்லி நான் கேட்பேன். இது சத்தியம். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக உங்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை, அப்பா.

இனி வாயை மூடிக்கொண்டிருக்கப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட,
உங்கள் மூத்த மகள்