சலவை வண்டியில் தப்பியவர்

1987 பெப்ரவரி 11

செல்வரட்ணம் ஒரு கள்ளன். ஊகமில்லை. இன்று பின்னேரம் நாலு மணிக்கு என் கண்ணாலேயே பார்த்தேன்.

ரெக்ஸ்டேல் பக்டரிக்குக் கிளம்புமுன் ரீவியைப் போட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கத்து பஃபலோ ரீவி நிலையம் ஒன்று அந்த இரண்டு பொலிஸ்காரர் தொடரைத் திரும்பவும் காட்டுகிறது. பத்து வருடத்துப் பழசு. அகலக் கழுத்துப்பட்டி, நீளக் கார், நெட்டையன் ஒருவன், எந்நேரமும் கச்சான் கடலை கொறிக்கும் குட்டையன் ஒருவன். இன்றைய கதையில் செய்யாத குற்றத்துக்கு அடைபட்ட ஒரு கைதி. சிறை ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணி வண்டிக்குள், விரிப்புகளுக்கு அடியில் கிடந்து தப்புகிறான். வாசலில் காவலாளி துணிமூட்டையைக் கம்பியால் குத்துகிறான். கம்பி தொடையில் ஏறுகிறது. அவன் துணியைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கிறான்.

இது அத்தானின் கதை. மட்டக்களப்பு ஆமி காம்பிலிருந்து அத்தான் தப்பியது இப்படித்தான் என்று அகதி விண்ணப்பத்தில் செல்வரட்ணம் எழுதிக் கொடுத்த கதை. விரிப்பு, கம்பி, தொடை, வாயில் துணி. ஒன்றும் விடுபடவில்லை, எல்லாமே அதுதான்.

விசாரணை ஏப்ரலில். நிராகரித்தால் பரிமளம் அக்காவையும் பிள்ளையையும் கூப்பிட முடியாது. என் அகதி அலுவல் போன வருடமே சரிவந்தது, ஆனால் அது எனக்கு மட்டும்தான் உதவும். அக்காவுக்கு அத்தான்தான் வழி. ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்காத கிழமை இல்லை.

பெப்ரவரி 12

தூக்கமில்லை. விசாரிப்பவன் இந்தத் தொடரைப் பார்த்தவனாக இருந்தால்? இந்த நாட்டில் ரீவி பார்க்காமல் வளர்ந்தவன் யார்?

பெப்ரவரி 15

பார்லிமென்ட் தெரு டோனட் கடையின் பின் மேசைதான் செல்வரட்ணத்தின் கந்தோர். யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்தவர். இங்கே கட்டடம் துடைக்கிறார், ஞாயிறுகளில் மற்றவர்களின் துன்பத்தை இங்கிலிஷில் எழுதுகிறார். காத்திருந்தவர்களைத் தாண்டி நேரே போனேன்.

"அண்ணை, ரீவிக் கதைய எழுதி எங்கட குடும்பத்த அழிச்சிட்டீங்க."

"இரும் தம்பி. என்ன கதை?"

சொன்னேன். முகம் வெளிறியது. பிறகு சிரித்தார்.

"எனக்கு ரீவி பாக்க நேரமிருக்கே? விரிப்பு, கம்பி எல்லாம் உம்மட அத்தான் சொன்னது. நான் இங்கிலிஷ் மட்டும் போட்டனான். இவ்வளவு வடிவா ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு நானே ஆச்சரியப்பட்டனான்."

"உண்மையா எண்டு ஒரு கேள்வி கேக்கல்லையா?"

"அதைக் கேக்கத் தொடங்கினா இந்த மேசைக்கு ஆர் வருவினம்?"

பின்னாலிருந்து ஒருவன், "ஐசே, கேஸ் இல்லாட்டி டோனட்டை வாங்கிக்கொண்டு எழும்பும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

கள்ளன் என்று மேலே எழுதியதை வெட்டவில்லை. இருக்கட்டும்.

பெப்ரவரி 16

அத்தானிடம் கேட்டேன். "பசிக்குது, சோத்தப் போடு" என்றார்.

பெப்ரவரி 22

எங்களோடு இருப்பவன் இக்னேசியஸ், மன்னார்க்காரன். அவனுக்குப் பகல் வேலை. அதனால் அந்தத் தொடரை வீடியோ டெக் தானாகப் பதியும்படி வைத்துவிட்டுப் போவான், தமிழ்ப் படங்களுக்கு மேலேயே. அந்த நாடாவைப் போடச் சொல்லி அத்தானையும் பக்கத்தில் இருத்தினேன். வண்டி வரும் இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு திட்டம் இல்லை.

வண்டி வருமுன்பே எழுந்துவிட்டார்.

"எங்க அண்ணை போறீங்க? இனித்தானே நல்ல கட்டம்!" என்றான் இக்னேசியஸ்.

"பாத்த படம்தானே" என்றார் அத்தான்.

ஒப்புக்கொண்டார் என்றுதானே அர்த்தம்? போன பனிக்காலம் வேலையில்லாமல் இந்தச் சோபாவில் கிடந்து படித்த பாடம். ஆனால் ஏன்? காம்பில் அடைபட்டது பொய்யில்லை. முதுகுத் தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த முதுகு போதாதா இவர்களுக்கு?

மார்ச் 1

தனியாக மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அத்தான் எழுந்தது எந்த இடத்தில் என்று இன்றைக்குத்தான் கவனித்தேன்.

பொலிஸ் நிலையம். சில ஆட்களைச் சுவரோடு நிறுத்தியிருக்கிறார்கள். இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் இருக்கிறான். நிற்பவர்களுக்கு அவனைத் தெரியாது. எவன் என்று நெட்டையன் கேட்கிறான். கண்ணாடிக்குப் பின்னாலிருப்பவன் ஒரு தடவை தலையை அசைக்கிறான். அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட இல்லாத காட்சி. முதல் தடவை பார்த்தபோது என் கண்ணில் பட்டதேயில்லை.

குசினிக்குப் போனேன். அத்தான் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கண்ணாடிக் கட்டத்தில ஏன் எழும்பிப் போனீங்க?"

கத்தி நிற்கவில்லை.

"அங்க கண்ணாடி இல்ல, தம்பி. சாக்கு."

மீனைக் கழுவினார். மஞ்சள் போட்டார்.

மார்ச் 2

தலையாட்டி.

எழுதிவிட்டேன். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். சுற்றிவளைத்துப் பிடித்த ஆண்களை வரிசையாக நடத்துவார்கள். ஜீப்பில் ஒருவன் சாக்கால் மூடப்பட்டு இருப்பான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் முன்னால் நிற்பவனை லொறியில் ஏற்றுவார்கள். ஏறியவன் வீடு திரும்புவதில்லை. ஆட்டியவனை விட்டுவிடுவார்கள்.

அத்தான் தப்பவில்லை, அத்தானை விட்டுவிட்டார்கள். அக்கா கோயிலில் பொங்கி எல்லோருக்கும் கொடுத்தாள்.

அடிச்சிருப்பாங்க. தலைகீழாக் கட்டித் தூக்கியிருப்பாங்க. எனக்கென்ன, தெரியாதா? ஆனா ரெண்டு வருசமா இந்த மனிசன்ட கையாலதானே சோறு திண்டன்— நான் என்றால் ஆட்டியிருக்க மாட்டேனா?

ஒன்று மட்டும் விளங்குகிறது. தப்பி ஓடியவனுக்கு இந்த நாடு கதவு திறக்கும். தலையாட்டி வெளியே வந்தவனுக்குத் திறக்காது. வெள்ளைக்காரனுக்குப் பிடித்த அகதி எப்படி இருப்பான் என்பதை அத்தான் நாலு மணி ரீவியில் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவனும் வெள்ளைக்காரன்தானே.

மார்ச் 8

கோணேஸ்வரி அக்கா பிட்டுக் கொண்டுவந்தா. எங்கள் கட்டடத்து ஒன்பதாம் மாடியில் தன் தம்பி குடும்பத்தோடு இருக்கிறா. எங்கள் ஊர்தான். அத்தானைப் பிடித்த அதே சுற்றிவளைப்பில்தான் அவவின் கணவர் வீரக்குட்டி அண்ணனையும் பிடித்தார்கள். அவர் வரவில்லை. அவ இன்னும் பெரிய பொட்டு வைக்கிறா.

வந்தால் அத்தானிடம் எப்போதும் ஒரே கேள்வி.

"மாமாங்கம், காம்பில எண்ட மனிசன்ட குரலாவது கேட்டியா?"

"இருட்டு அக்கா. ஒண்டும் தெரியல்ல."

எத்தனையோ தடவை கேட்ட பதில்தான். இன்றைக்கு அத்தானின் கையைப் பார்த்தேன். பிட்டை உருட்டிக்கொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

கடவுளே. வீரக்குட்டி அண்ணனைப் பார்த்தா தலையாட்டினார்?

ஏப்ரல் 5

லோயரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கத்தினேன். அத்தான் கத்தவில்லை.

"சொல்லுறன். மறுகா? மொழிபெயர்க்க வாறதும் நம்மட ஆள்தான். பின்னேரத்துக்குள்ள வெல்லஸ்லித் தெரு முழுக்கத் தெரியும். ஒண்ட அக்கா அங்கயே கிடந்து சாவாள். சொல்லட்டா? நீ சொல்லு, நான் சொல்லுறன்."

நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

இக்னேசியஸிடம் அந்த நாடாவில் வேறு ஏதாவது பதியச் சொன்னேன். "ஏன்டா, நல்ல கதையெல்லோ?" என்றான்.

ஏப்ரல் 14

சித்திரை வருடப்பிறப்பு. நாங்கள் ஜன்னலில்லாத ஓர் அறையில்.

விசாரித்தவர் நரைத்த மனிதர், முகம் கடுமையாக இல்லை. அத்தான் சொன்னார்: விரிப்பின் நாற்றம், வண்டி நின்றது, கம்பி, வாயில் துணி. நான் பின்கதிரையிலிருந்து அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைவு வரும். இதோ, இப்போது. ஒருமுறை கண்ணைச் சுருக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதற்குத்தான்.

பிறகு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "அந்த நேரம் கத்தாம எப்பிடி இருந்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

அத்தான் அழத் தொடங்கினார். அது நடிப்பில்லை.

"கத்தியிருக்கலாம்" என்றார். "நான் ஆரெண்டு சாக்குக்குள்ளால கத்திச் சொல்லியிருக்கலாம்."

மொழிபெயர்ப்பாளர் விளங்காமல் அத்தானைப் பார்த்தார். சாக்கு எங்கிருந்து வந்தது? ஒரு நொடி. பிறகு இங்கிலிஷில் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டார், சாக்கைத் துணிமூட்டை என்று நினைத்திருப்பார். நரைத்தவர் ரிஷ்யூப் பெட்டியை அத்தான் பக்கம் தள்ளினார்.

நான் எழுந்து நின்றிருக்கலாம். அக்காவை நினைத்தேன் என்று எழுதுவது சுலபம். உண்மையில் எதையும் நினைக்கவில்லை. பயந்துபோய் இருந்தேன்.

ஜூலை 9

ஏற்றுக்கொண்டார்கள். இக்னேசியஸ் பியர் வாங்கி வந்தான். அத்தான் குடிக்கவில்லை.

1988 ஒக்டோபர் 2

வெள்ளிக்கிழமை அக்காவும் பிள்ளையும் வருகிறார்கள். அத்தான் காலையிலிருந்து பிள்ளைக்கு வாங்கிய கட்டிலின் பலகைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

கோணேஸ்வரி அக்கா பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொண்டுவந்தா. கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

"குடுத்துவைச்சவன் நீ, மாமாங்கம். இஞ்ச எல்லாரும் என்ன எண்ட மனிசனுக்குத் திவசம் செய்யச் சொல்லுதுகள். உயிரோட இரிக்கிறவருக்குச் செய்தா அது பெரிய பாவமில்லையா? நீ என்ன நினைக்காய்?"

அத்தான் பலகையின் ஓட்டையைப் பார்த்தபடி, "இருட்டு அக்கா" என்றார்.

"ஓம். இருட்டுத்தானே" என்று சொல்லிவிட்டுப் போனா.

கதவைச் சாத்தினேன். வரிசையில் வீரக்குட்டி அண்ணன் நின்றாரா என்று கேட்டேன். அத்தான் முறையாணியை முடுக்கினார். மறுபடி கேட்டேன். அடுத்த ஆணியை எடுத்தார். பரிமளம் அக்கா வந்தபின் இந்த வீட்டில் இதை ஒருவரும் கேட்க முடியாது. அவருக்கும் அது தெரியும், வெள்ளிக்கிழமை வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று இருக்கிறார். இப்போதும் அங்கேதான் குந்தியிருக்கிறார், முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. கடைசியாக நான் கேட்டது இது:

"நீங்க வாய் திறக்க வேணாம், அத்தான். அவ தாலியக் கழட்டுறதா இல்லையா எண்டு தெரியாம அலையிறா. அண்ணன் அந்த வரிசையில நிண்டதெண்டா, எனக்குத் தலைய ஆட்டுங்க. ஒருக்கா ஆட்டுங்க."