குபிஷ்டா போடாத மதிப்பெண்

ஹோர்கோவ்
மே 14, செவ்வாய்

என் அன்பு மகள் ராட்காவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம், அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான வாய்க்கொழுப்பு, மற்றபடி குறையில்லை. நீயும் அந்த நார்வே நாட்டு பெர்கன் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறோம். எப்போதும் அம்மாதானே எழுதுவாள், இவர் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று பயந்துவிடாதே, வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதைக் கடைசிவரை படி. நடுவில் கோபம் வந்தால் மூடிவைத்துவிட்டு மறுநாள் படி, ஆனால் படி.

ஜூன் முடிந்ததும் எனக்கு ஓய்வு. முப்பத்து மூன்று வருஷம் பட்டமளிப்பு விழாக்களில் பல்கலைக்கழகச் செங்கோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாகிவிட்டது, இனி அங்கியை வேறொருவன் போட்டுக்கொள்வான். பல்கலைக்கழக வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம், போன வாரம் ஒரு சின்னப் பெண் வந்து பழைய கதையெல்லாம் சொல்லுங்கள் என்றாள். நான் விடுவேனா, ஒன்றரை மணி நேரம் பேசினேன். உலகப் போருக்குப் பிறகு பழைய குதிரைப்படைக் கொட்டடியில் ஆசிரியர் கல்லூரியாக ஆரம்பித்தது, பல வருஷம் கழித்து நான் அங்கே கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டது, தொண்ணூற்றொன்றில் கல்வி, அறிவியல், மொழி என்று மூன்று புலங்களோடு அது பல்கலைக்கழகமானது, விழாவுக்கு நிமிர்ந்த முதுகுள்ள ஆள் வேண்டும் என்று பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரே கொதிகலன் அறைக்கு இறங்கி வந்து "ஓல்ட்ரிக், உன் உயரம் என்ன?" என்று கேட்டது, எல்லாம் சொன்னேன். முதல் விழாவுக்கு அங்கி தைத்து வராமல் நாடகக் கொட்டகையில் ராஜா வேஷத்து அங்கியை இரவல் வாங்கினோமே, முதுகில் பூச்சி அரித்த ஓட்டையோடு நான் முன்னால் நடக்க, தலைநகர் பிராகாவிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அதையும் சொன்னேன். மருத்துவப் பணிப் புலம் பிறகு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் விடுதி முழுவதும் பெட்டியோடு ரயிலடிக்கு ஓடும், ஞாயிறு சாயங்காலம் அம்மாமார் பொரித்துக் கொடுத்த இறைச்சியோடு திரும்பி வரும், அந்த வாசனையில் வாரம் தொடங்கும். அது இன்னும் மாறவில்லை. உணவுக்கூடத்துச் சோயிக்கீரைக் குழம்பும் மாறவில்லை, அதைத் திட்டுகிற பிள்ளைகளும் மாறவில்லை. இந்த வருஷம் மே மாத மாணவர் ஊர்வலத்தில் ராஜாவாகத் தேர்ந்தவன் தாதியர் படிப்புப் பையன், கிரீடத்துக்குப் பதில் நோயாளிகளுக்கு வைக்கும் படுக்கைத் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு வந்தான். அந்தப் பெண் இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனாள். அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மார்ச்சில் குபிஷ்டா காலமானார். உன் வேதியியல் பேராசிரியர், உன் இறுதித் தேர்வுக் குழுவின் தலைவர். புலத்தின் வாசலில் கறுப்புக் கொடி ஏற்றினார்கள், செங்கோலோடு அவர் சவப்பெட்டிக்கு முன்னால் நானும் நடந்தேன். பன்னிரண்டு வருஷமாக நடைபாதையில் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார், ஒரு வார்த்தை பேசியதில்லை. படித்த திமிர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் என் வாயால் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உன் வாய்மொழித் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, யோஸ்கா மாமா காய்ச்சிய பிளம் சாராயத்தில் ஒரு பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நான் குபிஷ்டாவின் அறைக்குப் போனேன். "பொண்ணு கொஞ்சம் பயந்தவ, நீங்கதான் பாத்துக்கணும்" என்றேன். அவர் நல்லது, கெட்டது ஒன்றும் சொல்லாமல் வாங்கி அலமாரியில் வைத்தார். அன்று வீட்டுக்கு எவ்வளவு பெருமையாக நடந்து வந்தேன் தெரியுமா, சே. தேர்வன்று தேர்வாளர்களுக்காக நீயும் உன் தோழிகளும் விடிகாலையில் ரொட்டித் துண்டுகளில் உருளைக்கிழங்கும் முட்டையும் பன்றிக்கறியும் அடுக்கினீர்கள், அம்மா ஊறுகாய் வெள்ளரி நறுக்கினாள். உனக்கு முதல் தரம் கிடைத்தது. தட்டுகளைத் திரும்ப எடுக்கப் போனவள் அவர் அலமாரியில் மாமாவின் பச்சை மைச் சீட்டு ஒட்டிய பாட்டிலைப் பார்த்துவிட்டாய். வீட்டுக்கு வந்து "அப்பா, அது நீங்க குடுத்ததா?" என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். "உன் மாமா பாதி ஜில்லாவுக்குக் குடுக்கறாரு, எனக்கென்ன தெரியும்" என்றேன்.

பட்டமளிப்பு அன்று நடந்ததை உன் பக்கமிருந்து நீ அறிவாய், என் பக்கமிருந்து நான் சொல்கிறேன். நாற்பது பேருக்கு அச்சடித்த அழைப்பு அனுப்பியிருந்தேன். உன் பெயருக்கு முன்னால் பட்டத்தைப் பொறித்து வாசல் மணிக்குப் பித்தளைத் தகடுகூடச் செய்து வைத்திருந்தேன். மூன்றாம் வரிசையில் அம்மாவும் மாமாவும் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். டீன் உன் பெயரைப் படித்தார். நீ வந்து செங்கோலில் இரண்டு விரலை வைத்து உறுதி சொல்வாய் என்று நான் அதைக் கொஞ்சம் தாழ்த்தியும் பிடித்தேன். யாரும் வரவில்லை. இரண்டாம் முறை படித்தார். அப்புறம் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் நீ சமையலறையில் சாதாரண உடுப்பில் உட்கார்ந்திருந்தாய். நான் கத்தினேன். ஊரே கேட்கக் கத்தினேன். "நான் இல்லன்னா உனக்கு அந்த மார்க் வந்திருக்குமாடி?" என்றேன். நீ அழவில்லை. "அப்போ குடுத்திருக்கீங்க" என்றாய், அவ்வளவுதான். செப்டம்பரில் நீ நார்வே போய்விட்டாய். நன்றி கெட்டவள், நரம்புத் தளர்ச்சி என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இப்போது கேள். சவ அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்துக் குபிஷ்டாவின் மனைவி கூப்பிட்டனுப்பினார். போனால் மேசைமேல் அதே பாட்டில். மெழுகு முத்திரைகூட உடையவில்லை. கழுத்தில் நூலால் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது, அவர் கையெழுத்து: "இதை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் மகளின் தேர்வில் நான் கேள்வி கேட்கவில்லை, மதிப்பெண்ணும் போடவில்லை. மற்ற மூவரும் தனித்தனியே முதல் தரம் கொடுத்தார்கள்." அந்த அம்மாள் சொன்னார்: "அவன் வாயைத் தொறந்து பாட்டிலைத் திருப்பிக் கேக்கட்டும், கேட்டா குடுத்துடறேன்னு பன்னெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தாரு. நீங்க வரவே இல்லியே, ஓல்ட்ரிக்." குபிஷ்டா உன்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று அன்றைக்கு நீயே சொன்னாய், அதையும் என் சாமர்த்தியத்தின் கணக்கில்தானே நான் சேர்த்துக்கொண்டேன்.

பொய் சொன்னதும் கத்தியதும் ஒரு பக்கம். என்னைத் தூங்கவிடாமல் அரிப்பது வேறு. பாட்டிலால்தான் நீ தேறினாய் என்று நானே மனதார நம்பினேன், ராடுஷ்கா. கரி அள்ளினவன் வீட்டிலிருந்து ஒருத்தி தன் மூளையால் மட்டும் தேறுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ ராத்திரி பகலாகப் படித்ததைப் பக்கத்து அறையில் இருந்து பார்த்தவன் நான், அப்படியும் தோன்றவில்லை. மூன்று அந்நியர்களுக்குத் தெரிந்தது பெற்றவனுக்குத் தெரியவில்லை. என்னை மன்னி என்று கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கு எழுதியிருந்தாயே, பள்ளித் தலைமையாசிரியை உன்னை அறிவியல் ஆசிரியையாக எடுத்துக்கொள்ளத் தயார், பட்டம் உண்டா என்று கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று. இத்தனை வருஷம் பாலர் வகுப்பில் உதவியாளாகவே இருந்துவிட்டாய். போய் உண்டு என்று சொல். யாரும் உனக்கு வாங்கித் தரவில்லை, நீயே வாங்கியது. ஜூலை முடிவுக்குள் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய், இன்னும் நாள் இருக்கிறது.

நேற்று மாணவர் அலுவலகத்துக்குப் போனேன். திருமதி போலாகோவா இன்னும் அங்கேதான் இருக்கிறார். தேர்வுக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார், பாட்டில் சீட்டில் எழுதியிருந்தபடியே இருக்கிறது, குபிஷ்டாவின் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். உன் பட்டம் இரும்பு அலமாரியில் நீல அட்டைக்குள் தூசியில்லாமல் இருந்தது. உன் பெயரைப் படித்துப் பார்த்தேன். சட்டப்படி உன் கையெழுத்துள்ள கடிதம் இருந்தால்தான் தர முடியுமாம், அப்போது உன் விலாசத்துக்கே நேராக அனுப்பிவிடுவார்களாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்குன்னா என்ன சட்டம், ஓல்ட்ரிக், சும்மா கோட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போங்க, நான் பாக்கல" என்றார். அட்டையை என் கையிலும் கொடுத்துவிட்டார். நான் அதை மேசைமேல் திரும்ப வைத்தேன். "வேண்டாம்மா, அவளே கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்த இடத்தில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசியும். அம்மா தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள். பதில் கடிதம் எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, திருமதி போலாகோவாவுக்கு மறக்காமல் எழுது.

உன் அப்பா,
ஓல்ட்ரிக்