மூன்றாவது சரணம் எந்த ஃபைலில்?

என் அருமை மாப்பிள்ளைக்கு, சண்டை போடக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுவிட்டுப் போனவனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சௌக்கியமாக உட்கார்ந்து உன் இசையைக் கொலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிரான்ஸில் இருக்கும் உன் அக்காவையே எடுத்துக்கொள். உன் மகள் ஜெனி அவரை 'தாந்த்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது அத்தை என்ற சொல்லே மறந்துபோய் நாங்கள் எல்லோரும் அவரைத் தாந்த் என்றுதான் சொல்கிறோம். உன் முப்பதாம் நாள் பூசையன்று அந்தத் தாந்த், நீ மாண்டலின் வாசிக்கும் துண்டு ஒன்றைக் குடும்பக் குரூப்பில் போட்டார். மேலிருந்து ரோஜா இதழ் கொட்டுகிறது. ஓரத்தில் மெழுகுவர்த்தி. போதாததற்கு எதிரொலி வேறு சேர்த்து உன்னைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டிருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். மாண்டலின் தகரம் மாதிரி கேட்கிறதே என்று ஒருவருக்காவது தோன்றியதா? காது என்பதைக் கம்மல் மாட்ட மட்டும் வைத்திருக்கும் குடும்பம் இது.

உனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், இப்போது உன்னால் எழுந்து போக முடியாது. வேவ் ஃபைல் என்பது மைக் கேட்டதை அப்படியே வைத்திருக்கும். இடம் நிறையப் பிடிக்கும். ஃப்ளாக் அதையே துணி மாதிரி மடித்து வைக்கும். விரித்தால் ஒரு நூல் குறைந்திருக்காது. எம்.பி.3 இருக்கிறதே, அது மனிதக் காதுக்கு எது வேண்டாம் என்று தானே முடிவு செய்து, அதைத் தூக்கி எறிந்துவிடும். அளவோடு எறிந்தால் பாதகமில்லை. நம் ஆட்கள் ஃபோனில் இடமில்லை என்று சுருக்கியதையே மறுபடி சுருக்குவார்கள். போனது போனதுதான், திரும்பி வராது.

வாய்ஸ் நோட் அதற்கும் கீழே. 'வரும்போது கறிவேப்பிலை வாங்கி வா' என்று சொல்வதற்காகப் பிறந்தது அது. அதில் போய் மாண்டலின் வாசித்து அனுப்புகிறவனை என்ன சொல்வது? நீ அனுப்பினாய். வாரத்துக்கு நாலு அனுப்பினாய். ஒன்றையும் நான் வைத்துக்கொள்ளவில்லை, கேட்ட கையோடு அழித்தேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருடம் தராசு துடைத்தவன் நான். அரைகுறை எதையும் வீட்டில் வைத்துக்கொண்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெனிக்கு வைகாசியில் கல்யாணம். பையன் வீடு பிள்ளைச்சாவடி. நல்ல பையன், பாட்டை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கிறான் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் தங்கச்சி ரோஸ்லினும் ஜெனியும் நேராக அரியாங்குப்பத்துக்கு, நம் வீட்டுக்கு வந்தார்கள்.

"மாமா, கோயிலுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல முட்டி போட்டு ஆசீர்வாதம் வாங்கணும்ல? அப்பா எடத்துல நின்னு யாரும் நெத்தில சிலுவை போட வேணாம். அந்த நேரத்துல அப்பா பாட்டு ஓடட்டும். முழுசா" என்றாள் ஜெனி.

எந்தப் பாட்டு என்று கேட்கத் தேவையில்லை. அவள் பிறந்தபோது நீ கட்டிய பாட்டு. இத்தனை வருடமும் அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இரண்டு சரணம் பாடினாய். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் கல்யாணத்துக்கென்று மூன்றாவது சரணம் ஒன்றைச் சேர்த்தாய். அதை யாரிடமும் பாடிக்காட்டாமல், "ரெக்கார்டுல கேட்டுக்குங்க" என்று பிகு பண்ணினாய். ஜெனி அதைக் கேட்டதே இல்லை. எனக்கும் கேட்ட நினைவில்லை; பதிவு செய்யும்போது நான் வரியைக் கவனித்ததில்லை, ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும் என்றிருந்தேன்.

தவளக்குப்பத்தில் சவுண்டு செட் வைத்திருப்பவரிடம் முன்பே பேசியிருந்தேன். "ஃபார்மட் பத்தி கவலயே படாதீங்க சார். எம்.பி.3யா இருந்தா நான் வேவா மாத்திக்கிறேன். சைஸு பத்து மடங்கு ஏறும், சவுண்டும் சேர்ந்து ஏறும்" என்றார். நீர்மோரைப் பெரிய அண்டாவில் ஊற்றினால் தயிராகிவிடும் என்று நம்புகிற ஆள். இவர்தான் இந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்கெல்லாம் ஒலி கொடுக்கிறார்! என்னிடம் இருப்பது அசல், நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அந்த நெஞ்சோடுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ரோஸ்லின், ஒரு பக்கம் ஜெனி. 'ஜெனி பாட்டு' என்ற ஃபோல்டரில், உன்னை உட்காரவைத்து நான் எடுத்த முப்பத்தேழு ஃபைல். எல்லாம் வேவ், எல்லாவற்றிலும் வரிசை எண். ஃப்ளாக்கில் ஒரு நகல் தனி டிஸ்க்கில். பாருங்கள், இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்று தங்கச்சிக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

முதல் ஃபைலைப் போட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மாண்டலின் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. முதல் சரணம் பாதியில், "நிறுத்து, ஃபேன் சத்தம்" என்று என் குரல். இரண்டாவது ஃபைலில், "நிறுத்து, சத்தம் அளவு மீறி சிவப்பு விளக்கு எரியுது." அடுத்ததில் மாதா கோயில் மணி. அதற்கடுத்ததில் பக்கத்து வீட்டு மிக்சி. எல்லாவற்றிலும் நிறுத்து, நிறுத்து, நிறுத்து. இருபதாவது ஃபைலில் நீ "பாட வுடு மச்சான்" என்கிறாய். முப்பத்தேழாவதில் இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில், "மைக்கு பக்கத்துல மூச்சு வுடாத" என்கிறேன். அதற்குப் பிறகு நீ பாடவில்லை. சிரித்துவிட்டு மாண்டலினை உறையில் போடும் சத்தம் மட்டும் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

"ஏண்ணா, ஒன்னுகூட முழுசா பாட வுடலியா நீ?" என்றாள் ரோஸ்லின்.

"சுத்தமா ஒருநாள் எடுத்துக்கலாம்னு இருந்தேன்" என்றேன். எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. ஜெனி, "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அந்தப் 'பரவால்ல'தான் என்னைக் கொன்றது.

ஜெனி காதில் விழாத தூரம் போன பிறகு, ரோஸ்லின் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "ஒருவாட்டி அவரு முழுசா பாடிட்டாருண்ணா. கடையில, சாப்பாட்டு நேரத்துல, டைல்ஸ் குடோன்ல உக்காந்து. ஜெனிக்குக் காட்டாதன்னு சொல்லி எனக்கு வாய்ஸ் நோட்டு அனுப்பினாரு."

நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினேன். "இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"உன்கிட்ட நல்லதாவே இருக்கும்னு நெனச்சேன். அதில்லாம, நீ குப்பைன்னு சொல்லுவ. அவரு போனப்புறம் அந்த வார்த்தைய என்னால கேக்க முடியாதுண்ணா."

"எங்க அது? குடு."

"என் ஃபோனு ஸ்லோவா இருக்குன்னு வாங்கி, இருந்த வாய்ஸ் நோட்டையெல்லாம் நீதான அழிச்ச?"

கேட்டுக்கொண்டாயா மாப்பிள்ளை? உன் பாட்டைக் கொலை செய்தது யார் என்று இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் யாரையோ கை காட்டினேனே. காது இருக்கிறது, கருவி இருக்கிறது, முப்பத்தேழு ஃபைல் இருக்கிறது என்று மார்தட்டிய இந்த முட்டாளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் முகம் போன போக்கைப் பார்த்து என் தங்கச்சிக்கே பாவமாகிவிட்டது. "உன்ன எனக்குத் தெரியாதா? ஃபோன உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே அத தாந்துக்கு அனுப்பி வெச்சுட்டேன். அங்க கேட்டுப் பாரு" என்றாள்.

ரோஜா இதழ் கொட்டிய அதே தாந்திடம் நான் ஃபோன் போட்டுக் கெஞ்சினேன். கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். "வுயி, வுயி, இருக்கு, பத்திரமா இருக்கு. அதுல மட்டும் நான் கை வெக்கல தம்பி, பூவு கீவு ஒன்னும் போடல" என்றார். அடுத்த நிமிடமே வந்து சேர்ந்தது.

கேட்டேன். "ரோசு, உங்கண்ணன் இல்ல, ஒரே மூச்சா பாடிடறேன் கேளு" என்று ஆரம்பிக்கிறாய். பின்னால் யாரோ டைல்ஸ் அறுக்கிறார்கள். கடலூர் ரோட்டில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. மாண்டலின் மேல் ஸ்தாயியில் கொசு மாதிரி முனகுகிறது. ஒலி மகா மட்டம். அந்த விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் முதல் சரணம் முடிந்து இரண்டாவது வந்தது, இரண்டாவது முடிந்து மூன்றாவதும் வந்தது.

மூஞ்சத் தூக்கி வெச்ச மாமன்
முத்துப்பல்லு காட்டுவான்,
மைக்கக் கீழ வெச்சுப்புட்டு
மாலை ஏந்தி நிப்பான்.

அயோக்கியா! இதனால்தான் என் எதிரில் மூன்றாவது சரணத்துக்கு வராமலே மழுப்பினாயா, இல்லை நான்தான் உன்னை வரவிடவில்லையா? இதை நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

அந்த நாலு வரியையும் வெட்டி எடுப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஒட்டுப் போட்ட இடம் யாருக்கும் தெரியாது. சம்பந்தி வீட்டார் முன்னால் மானமாவது மிஞ்சும். கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்ட வேண்டிய இடத்தில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, வெட்டாமல் அப்படியே மூடிவிட்டேன்.

வைகாசியில் ஜெனி முட்டி போடும்போது நானே பக்கத்தில் நின்று அதை ஓடவிடுவேன். வந்தது வந்தபடியே. எந்த ஃபார்மட்டுக்கும் மாற்றாமல், லாரியோடும் டைல்ஸ் அறுக்கும் சத்தத்தோடும் கடைசி வரை ஓடும். நடுவில் உன்னை நிறுத்தமாட்டேன், இது சத்தியம். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கட்டும், நானும் பல்லைக் காட்டுகிறேன். மாலையை மட்டும் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கு ஒரு கை வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ரோஸ்லினின் அண்ணன், ஜெனியின் தாய்மாமன்,
உன்னைப் பாடவிடாத உன் மச்சான்,
அரியாங்குப்பம்.