என் கடை மூடிவிட்டதாகச் சொன்னவளுக்கு

மழை விட்டு இரண்டு நாளாகியும் காயாமல் கிடந்த போர்வை மூட்டை ஒன்றை இன்று காலை பிரித்தேன். ஈரத் துணியும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்த புளித்த வாடை முகத்தில் அடித்தது. உடனே நீ நினைவுக்கு வந்தாய். ரிசார்ட்டில் நாம் அறை சுத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில் இந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வாய். "நாம தனியா லாண்டரி போட்டா இந்த நாத்தமே வரக் கூடாதுடி" என்பாய்.

போட்டோம். நான் மாமல்லபுரத்தில், கடற்கரைக்கு இறங்கும் தெருவில். நீ செங்கல்பட்டில், உன் வீட்டை ஒட்டி. ஓட்டல்களின் போர்வை, தலையணை உறை, துண்டு என்று இருவருக்கும் ஒரே தொழில். ஓட்டல்கள் மட்டும் வேறு வேறு.

புயல் வந்தால் என்ன செய்வது என்று முதலில் யோசித்தவள் நீதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்து, சலவை மெஷின்களைச் செங்கல் மேடை கட்டி ஏற்றச் சொன்னாய். ஜெனரேட்டருக்கு டீசல் எப்போதும் இருக்கட்டும் என்றாய். கடைசியாக, "உன் கடை முங்கினா உன் வேலைய நான் செய்றேன். என் கடை முங்கினா நீ செய். தண்ணி வடிஞ்சதும் அவங்கவங்க ஓட்டலு அவங்கவங்களுக்கு. இன்னா, சரியா?" என்றாய்.

"எழுதி வெச்சிக்கலாமா?" என்று கேட்டேன்.

"நமக்குள்ள இன்னாடி எழுத்து?" என்று சிரித்தாய். என் மூன்று ஓட்டல் மேனேஜர்களின் எண்களையும் உன் ஃபோனில் நானே பதிந்து கொடுத்தேன்.

அடுத்த வருடமே புயல் வந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. மேடை மேல் இருந்ததால் மெஷின்கள் தப்பின. புயலுக்கு முந்தின நாளே துணிகளையெல்லாம் வேனில் ஏற்றி உன்னிடம் அனுப்பிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எனக்கு நீ இருந்தாய்.

ஒரு வாரம் கழித்துக் கரண்ட் வந்தது. துணி எடுக்க எப்போது வரட்டும் என்று பெரிய ஓட்டலின் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். "நீங்க கடைய மூடிட்டதா சொன்னாங்களே மேடம். இனிமே அவங்களே பண்றதா பேசி முடிச்சிட்டோம்." மற்ற இரண்டு ஓட்டல்களிலும் அதே பதில்.

அன்றே பஸ் ஏறி வந்தேன். நீ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். மேசை மேல் இருந்தது என் ஓட்டலின் நீலக் கரை போட்ட போர்வை.

"அவங்களாத்தான் கேட்டாங்க. உன் கடை கடலாண்ட கீது, வருஷா வருஷம் இதே பேஜாருன்னு பயந்துக்கினாங்க. நான் இன்னா பண்றது?" என்றாய்.

"நான் கடைய மூடிட்டேன்னு சொன்னது யாரு?"

நீ நிமிரவில்லை. போர்வையை மடித்து, மடிப்பின் மேல் கையை வைத்து அழுத்தினாய். பிறகு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டாய்.

நான் திரும்பி நடந்தேன். உன் குரலை அதன்பின் நான் கேட்கவில்லை. அணுபுரம் குடியிருப்பில் வீடு வீடாகப் போய்த் துணி கேட்டேன். சின்ன விடுதிகளைப் பிடித்தேன். கடை பிழைத்தது.

போன ஆடியில் நீ நெஞ்சுவலியில் போய்விட்டதாகச் செய்தி வந்தது. நான் வரவில்லை. இந்த ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் உன் தெருவுக்குள் புகுந்தபோது, உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "கடை முங்கினா ஒன்னைத்தான் கூப்புடணும்னு சொல்லி வெச்சிருந்தாம்மா. துணியெல்லாம் ஈரமா கீது. இன்னா பண்றதுன்னே தெரில." நடந்தது எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகும், நான் வருவேன் என்று எந்தத் தைரியத்தில் நம்பியிருந்தாய்?

வேனை அனுப்பினேன். நான்கு நாள் உன் துணிகளையும் சேர்த்துத் துவைத்தோம். நீலக் கரைப் போர்வைகளும் அதில் இருந்தன. ஓட்டலில் கொண்டுபோய் இறக்கியபோது அதே மேனேஜர், "அந்தம்மாவும் இல்ல. இனிமே பழையபடி நீங்களே பண்ணிடுங்களேன்" என்றார்.

சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. உன் வீட்டுக்காரர் தண்ணீர் ஏறிய மெஷினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த கோலம் கண்ணில் நின்றது. "அவங்க கடை மூடல சார். தண்ணி வடிஞ்சதும் தொறந்துடுவாங்க" என்றேன். அன்று எனக்காக நீ சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. திருவிடந்தையில் புதிதாக லாண்டரி வைத்திருக்கும் பெண்ணோடு நேற்று பேசினேன். அடுத்த புயலுக்கு ஒருவருக்கொருவர் துணை என்று முடிவானது. "ஓட்டல் நம்பரெல்லாம் குடுங்கக்கா, பதிஞ்சி வெச்சிக்கிறேன்" என்று ஃபோனை எடுத்தாள். துணியை மட்டும் அனுப்புகிறேன், ஓட்டலில் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"ஏங்க்கா, எம்மேல நம்பிக்க இல்லியா?"

நல்ல பெண். முகம் வாடிவிட்டது. அப்படியெல்லாம் இல்லம்மா என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.