ஒன்பதாம் கட்டிலில் ஒரு பேரிக்காய்

ஹெஃபெய்,
ஏப்ரல் 9

அன்புள்ள தெங் காய்க்கு,

ஐந்தாம் கட்டில் மியாவ் லான் எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னார். நலம் விசாரிப்பு இப்போதைக்கு இவ்வளவு போதும்.

நீ என் செய்திகளைத் திறந்தே பார்க்காமல் பதினேழு நாள் ஆகிறது. அதனால்தான் காகிதம். கல்லூரியை விட்ட பிறகு பேனா பிடித்து இவ்வளவு நீளமாக எழுதுவது இதுவே முதல் தடவை, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கீமோ ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன கை. கடிதத்தை உன் அம்மா பெயருக்கு அனுப்புகிறேன். அம்மா, இவன் கடைசி வரி வரைக்கும் படிக்கிறானா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். பாதியில் மடித்து வைத்தால் அன்றைக்குச் சோறு போடாதீர்கள்.

பேரி மரங்களுக்கு மகரந்தம் தொட்டு வைக்கப் போகிறேன், பத்தே நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். உங்கள் தாங்ஷானில் பூவெல்லாம் கொட்டிவிட்டது என்று செய்தியிலேயே காட்டினார்கள். இனி என்ன சாக்கு சொல்வாய்? ஒவ்வொரு பிஞ்சாகப் பார்த்து நலம் விசாரிக்க வேண்டுமா?

வார்டில் பெரிய செய்தி, சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பூட்டிக் கிடந்ததே பழைய கட்டடம், அங்கேதான் படப்பிடிப்பு. கதை நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. அந்த நோய் வந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆஸ்பத்திரியில் சந்திக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள். கடைசியில் பையன் செத்துப் போகிறான். கூட்டத்தில் நிற்க மொட்டைத் தலைக்காரர்கள் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். நம் மாடியில் அதற்கா பஞ்சம்? டாக்டர் லூ ரத்தப் பரிசோதனை பார்த்து, சரியாக இருந்தவர்களை மட்டும் அனுப்பினார்.

என்னை முதல் நாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிஜமாகத்தான். இயக்குநர் கூ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு நோயாளி மாதிரியே இல்லையேப்பா. எப்பப் பாத்தாலும் சிரிக்குது, கன்னம் வேற பன்னு மாதிரி இருக்கு” என்றார். கன்னம் மாத்திரையால் உப்பியது ஐயா, சிரிப்பு பிறவியிலேயே வந்தது என்றேன். பிறகு ஒரு பெண் வந்து கண்ணுக்குக் கீழே கறுப்பு தீட்டி, உதட்டில் வெள்ளையாக எதையோ பூசி, என்னை நோயாளி ஆக்கினாள். அந்த நேரம் பார்த்து அப்பா சூப்புத் தூக்கோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தூக்கை அப்படியே தரையில் வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினார். பாவம், அவரைச் சமாதானப்படுத்தவே அரை மணி நேரம் ஆயிற்று.

கதாநாயகனாக நடிக்கிற பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். படத்தில் அவனுக்கு நம் நோய், எலும்பில். ஒரு கால் போய்விடுகிறது. அவனுடைய வலது காலைப் பின்னால் மடித்து, பட்டை போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, ஊன்றுகோலோடு நடக்கச் சொல்கிறார்கள். நன்றாகத்தான் நடித்தான். ஆனால் ‘கட்’ என்று சொன்னதும் பட்டையை அவிழ்த்து, காலை உதறிவிட்டு, பால் டீ வாங்க ஓடினான். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். தெங் காய், உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம், எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவனே என்னிடம் வந்தான். நல்ல பையன். “அக்கா, மொத மொதல்ல எந்திரிச்சு நின்னீங்கல்ல, அன்னிக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான். நான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். உன்னிடம் ஒரு நாளும் சொல்லாத உண்மை. உன்னிடம் நான் என்ன சொல்லிவைத்திருந்தேன்? கால் போனால் செருப்பு ஒன்று மிச்சம், செயற்கைக் காலுக்கு ‘ஜெனரல்’ என்று பேர் வைத்திருக்கிறேன், கொசு கடித்தால் அதற்கு வலிக்காது, இப்படியே கதை அளந்தேன். நீயும் சிரித்தாய். சிரித்தால் பயப்படமாட்டாய் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

உனக்கும் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் நான் போர்வையை விலக்கியே பார்க்கவில்லை. என் அம்மாதான் துடைத்துவிடுவாள், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இல்லாத கால்விரல் அரிக்கும், சொறியப் போனால் மெத்தைதான் கையில் தட்டும். அழுகையாக வரும். ஒரு தடவை யாரையும் கூப்பிடப் பிடிக்காமல் கழிவறைக்குத் தனியாகப் போய் விழுந்து, தரையிலேயே கிடந்தேன். நான்காவது வாரம் நின்றேன். பதினோரு எண்ணிக்கை வரை நின்றேன். ஐந்தாவது மாதம் பஸ் ஏறினேன். போன வருஷம் சாவ் ஏரிக்கரையில் அப்பாவோடு முழு மதியமும் நடந்தேன், தொடையில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது, ஆனாலும் நடந்தேன். இந்தக் குளிர்காலத்தில் நுரையீரலில் புள்ளி தெரிந்து, அதையும் எடுத்து, திரும்ப மொட்டைத் தலையாகி உன் எதிரில் வந்து படுத்தேன். சுலபம் என்று இனிமேல் சொல்லமாட்டேன். ஆனால் நான் இருக்கிறேன், காய். ஒரு காலோடு இருக்கிறேன்.

இனி பேரிக்காய் விஷயத்துக்கு வருகிறேன். நீ போகும்போது என் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி பழம் தள்ளிவிட்டுப் போனாயே, அதில் நான்குதான் மிச்சம் இருந்தன. உங்கள் தோட்டத்துப் பழம் ஒன்றை நான் தின்று முடிக்கவே ஒரு வேளை ஆகிறது. பிள்ளையின் தலை அளவுக்கு இருக்கிறதே! யாரையும் பங்குக்குக் கூப்பிடவும் முடியாது. படப்பிடிப்பில் ஏதோ காட்சிக்குப் பேரிக்காய் வேண்டுமாம், கடையில் வாங்கியது சின்னதாக இருக்கிறதாம். என்னிடம் கேட்டார்கள். கையில் வைத்துக் காட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்து மூன்றைக் கொடுத்துவிட்டேன்.

காட்சி தொடங்கியது. பையனும் பெண்ணும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் கத்தியை எடுத்துப் பழத்தின் நடுவில் வைக்கிறான். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை, ஜெனரல் மட்டும் ஓடியது. கேமரா சுற்றிக்கொண்டிருக்கும்போதே கிரீச் கிரீச்சென்று நேராக உள்ளே போய், அவன் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கிவிட்டேன். இயக்குநர் கூ நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார். பிறகு, நான் பச்சைக் குழந்தை போல, எனக்குப் பாடம் நடத்தினார். “பாரும்மா, பேரிக்காய்னா ‘லீ’. பிரிவுன்னாலும் ‘லீ’. பழத்தப் பங்கு போட்டா பிரிவு வரும். அவன் சாகப் போறான்னு சொல்லாமச் சொல்றோம், அதான் சினிமா!” என்றார். அது எங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே மூன்று வருஷமாக இந்த மாடியில் ஒருவரும் பேரிக்காயில் கத்தி வைத்ததில்லை.

நான் வாய் திறப்பதற்குள் பதினான்காம் கட்டில் சியூ அத்தை வந்துவிட்டார். அதுதான், மகள் தாங்தாங்குக்குத் துணையாக இருக்கிறாரே, ஹெனான்காரர். கையில் தரை துடைக்கிற மாப்பு. “எவன்டா அது, இந்த எடத்துல வந்து பேரிக்காய வெட்டுறவன்? கத்தியக் கீழ வை! ஒங்களுக்குப் படம், எங்களுக்குப் புள்ளைங்கடா!” என்று ஒரு சத்தம் போட்டார். கூட்டத்துக்கு வந்த மொட்டைத் தலைகள் எல்லாம் அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. பதினொரு பேர். மேக்கப் போட்ட முகங்களோடு பார்க்கவே பயங்கரமாக இருந்தோம்.

இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இந்தச் சண்டைக்கு நடுவில் அந்தக் கதாநாயகிப் பெண், மெலிந்து தெரிய வேண்டும் என்று இரண்டு வாரமாகப் பட்டினி போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது, ஒரு பழத்தை எடுத்து அப்படியே கடித்துவிட்டாள். சாறு முழங்கை வரை வழிகிறது. அந்தப் பையன், “எனக்கு?” என்றான். அவள் வாய் நிறைய வைத்துக்கொண்டு, “ஒனக்குத்தான் இன்னொண்ணு இருக்குல்ல, முழுசாத் தின்னு” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து கேமராவுக்குப் பக்கத்தில் போனார். பிறகு, இதையே எடுப்போம் என்றார். அப்படியே எடுத்தார்கள்.

பையனைக் கடைசியில் சாகடிப்பதில் மட்டும் மனிதர் பிடிவாதமாக இருக்கிறார். ஜனங்கள் அழ வேண்டுமாம். உயிரோடு இருப்பதும் அழுகை வருகிற விஷயம்தான், ஒரு வாரம் எங்கள் வார்டில் படுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இவ்வளவு வீரமாக எழுதுகிறேனே, இப்போது உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ச் இருபதாம் தேதி, கீழே சாப்பாட்டுக் கூடத்தில், உனக்கு வாயெல்லாம் புண். பழம் முழுசாகத் தின்ன முடியவில்லை என்றாய். நான் பிளாஸ்டிக் கத்தியால் அதை இரண்டாக வெட்டி, பாதியை நான் தின்றேன். “பேரித் தோட்டக்காரன் முன்னாடியே பேரிக்காயப் பங்கு போடுற, ஒனக்குத் துணிச்சல்தான்டி” என்று நீ சிரித்தாய். கிழவி மாதிரிப் பேசாதே என்றேன். உன் அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவர், மேசையில் இரண்டு பாதியும் இருப்பதைப் பார்த்தார். மறுநாள் காலை உன் ஸ்கேன் வந்தது. கீமோவுக்குக் கட்டி சுருங்கவில்லை, காலை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் லூ சொன்னார். அதற்கு மறுநாள் நீ ரயில் ஏறிவிட்டாய்.

ஒரு பழத்தால் இப்படியெல்லாம் ஆகுமா என்று எனக்குத் தெரியாது. நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். ஆனால் படப்பிடிப்பில் பழத்தைப் பிடுங்கினேனே, அது அந்த நடிகனிடமிருந்து அல்ல, என் கையிலிருந்துதான். அம்மா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

பூ கொட்டிய பிறகும் நீ நாள் முழுக்க ஏணியில் நிற்கிறாய் என்று அம்மா அழுதார். “அந்தக் காலு எப்ப முறியுமோன்னு எனக்குப் பக்குபக்குங்குது, எறங்கு எறங்குன்னா கேக்க மாட்டேங்குறான்மா” என்றார். கால் போய்விட்டால் இனி ஏணி ஏற முடியாது, அதனால் இப்போதே ஏறித் தீர்த்துவிடுகிறாய், இல்லையா? எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மா தரையில் நின்றபடியே நீளமான கோலின் நுனியில் இறகைக் கட்டித்தான் பூக்களைத் தொட்டாராம். அவர் தொட்ட பூவும் காய்க்கத்தானே செய்கிறது? தரையில் நிற்க ஒரு காலும் ஒரு ஜெனரலும் போதும். எப்படி நிற்பது என்று நான் சொல்லித்தருகிறேன், விழுவது எப்படி என்றும் சேர்த்து.

டாக்டர் லூ இருபத்திரண்டாம் தேதியை உன் ஆபரேஷனுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார். அதைத் தவறவிட்டால் நோய் நுரையீரலுக்குப் போய்விடும் என்கிறார், நுரையீரலுக்குப் போனால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேள். அதே இருபத்திரண்டாம் தேதி எனக்கும் மூன்று மாத ஸ்கேன். அப்பா வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தாழ்வாரத்தில் அந்தப் பச்சை நாற்காலியில் என் பெயரைக் கூப்பிடும் வரை தனியாக உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே, அம்மா, இருபதாம் தேதி காலையில் இவனுக்கு இறைச்சிக் கொழுக்கட்டை வேகவையுங்கள், வழியனுப்புகிற சாப்பாடு உங்கள் கையால் நடக்கட்டும். வந்து சேர்ந்தவனுக்கு நூடுல்ஸ் போடுவது என் அப்பா பொறுப்பு, சூப்புக்கு எலும்பு சொல்லி வைத்தாயிற்று.

உன் பெட்டியில் கடைசியாக ஒரு பழம் இருக்கிறது. உன்னுடைய ஒன்பதாம் கட்டிலின் அலமாரி மேல் வைத்திருக்கிறேன், ஜன்னல் பக்கம், குளிர்ச்சியாக இருக்கும் இடம். சியூ அத்தை மாப்போடு காவல் நிற்கிறார். யாரும் தொடவில்லை, யாரும் வெட்டப்போவதில்லை. வாய்ப்புண் ஆறியிருக்கும், முழுசாக நீயே தின்ன வேண்டும், கேட்டாலும் எனக்குத் தராதே. இருபத்திரண்டு வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது என்று பேரித் தோட்டக்காரனான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ பல நூறு பேரிக்காய் முழுசாகத் தின்று வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

எதிர்க் கட்டிலில் காத்திருக்கும்
மியாவ் லான்