ஏரி உறையிற ஊருக்கு ஒரு சாதா தபால்

ஜனவரி 17, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஏலவார்குழலிக்கு அம்மா கனகா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் என் சைக்கிளும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும், உன் மூக்கு நுனி, காது மடல், கால் விரல் பத்து, இதுங்களோட சௌக்கியத்தையும் தனித்தனியா எழுதவும். மைனஸ் இருவதுன்னு நீ சொன்னதுல இருந்து உன்ன முழுசா நெனச்சிப் பாக்கவே முடியல கண்ணு, துண்டு துண்டாத்தான் கவலையா கீது.

பொங்கல் நல்லபடியா ஆச்சு. பால் கெழக்கால பொங்கி வழிஞ்சிது, உன் பேர சொல்லி நானே ரெண்டு தடவ கூவிட்டேன், உங்க அப்பா சுவீடனுக்கு கேட்டிருக்கும் வா உள்ளன்னாரு. இந்த வருஷம் ஏரி ரொம்பி அலையடிச்சிக்கினு கெடக்குது. நடவு முடிஞ்ச வயல்ல எல்லாம் கொக்குங்க. சரி, ஊர்க்கதை இருக்கட்டும். போன ஞாயித்துக்கெழம போன்ல நீ சொன்னத நான் சரியாத்தான் வாங்கிக்கினனான்னு எழுதிப் பாக்கறேன், தபாலாபீஸ் பழக்கம், எதையும் ரெண்டு தடவ படிச்சாத்தான் எனக்கு நிம்மதி. உன் ஆஸ்பத்திரியில உன்கூட நர்ஸ் வேல செய்யறவங்க ஏழு பேர் சேந்து பிப்ரவரி ரெண்டாவது சனிக்கெழம சைக்கிள்ல கெளம்பறாங்க, மூணு நாளு, எரநூத்தி நாப்பது கிலோமீட்டரு, நடுவுல ஒரு ஏரி, அது உறைஞ்சி போயி ரோடாட்டம் கெடக்குது, அது மேலயே ஓட்டிக்கினு போவணும். உன்னையும் கூப்புட்டாங்க. இருவதாந்தேதிக்குள்ள பேர் குடுக்கணும். நீ போன்னா போறேன், வேணாம்னா வுட்டுட்றேன், இன்னாம்மா சொல்றன்னு கேட்ட. நான் யோசிச்சி லெட்டர்ல எழுதறேன்னேன். இந்தக் காலத்துல லெட்டராம்மான்னு சிரிச்ச. போன்ல சொன்னா நீ நடுவுல சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுவ, லெட்டர்ல அந்த வேல நடக்காது.

ரெண்டு வருஷமா உனக்கு டியூட்டி, ரூம், டியூட்டி, ரூம், இத வுட்டா வேற பேச்சு கெடையாது. ஒரு நாளு, ஒரு வாரமா பேஷண்டுங்களத் தவிர யார்கிட்டயும் பேசலம்மான்னு சொன்ன. அப்ப நான் முருங்கக்கீர ஆஞ்சிக்கினு இருந்தேன், அப்பால அந்தக் கீரைய ஆக்கவே இல்ல, அப்புடியே வாடிப் போச்சு. இப்ப மொத தடவையா ஏழு பேரோட பேர மூச்சு வுடாம சொல்ற, ஒருத்தர் விசிலடிச்சிக்கினே வண்டி ஓட்டுவாராம், ஒரு அம்மா உனக்கு கையுறை பின்னிக் குடுத்தாங்களாம். உன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. அதனாலதான் எனக்கு வேணாம்னும் வாய் வரல, ஐஸு மேல சைக்கிளான்னு நெனச்சா போன்னும் வாய் வரல.

உங்க அப்பாவுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்ல. ஒரே வார்த்த, வேணாம். மார்கழி மாசம் முழுக்க குரங்கு குல்லாவ மாட்டிக்கினு ஏரிக்கரை டீக்கடைக்குப் போவறதுக்கே பேஜார் பண்ற மனுஷன் அவரு. வழுக்காம இருக்க டயர் பூரா ஆணி வெச்சிருப்பாங்கன்னு நீ சொன்னத சொன்னேன். ஆணி ஏறுனா பஞ்சர்தானடி ஆவும், உம் பொண்ணு எனக்கே காது குத்தறாளான்னு கேட்டாரு. கேட்டதோட வுட்டாரா, பஞ்சர் ஒட்ற கடைக்கே போய் விசாரிச்சிட்டு வந்தாரு. அங்கயும் ஒருத்தரும் நம்பலியாம். ஆனா கேளு, ரைஸ்மில்லுக்குக் கெளம்பறதுக்கு முன்னால தெனம் காலையில போன எடுத்து உங்க ஊர்ல இன்னிக்கு எவ்ளோ குளிருன்னு பாக்கறாரு. மைனஸ் பதினெட்டு, பரவால்ல, ரெண்டு ஏறிக்கீதுன்னு அவருக்கு அவரே சொல்லிக்கினு போறாரு.

நான் சும்மா இருப்பனா. பரீட்ச பண்ணிப் பாத்துடலாம்னு பஜார்ல மீன் விக்கற முனியம்மாகிட்ட போய் பெரிய ஐஸ் கட்டி ஒண்ணு குடுன்னேன். அவ பதறிப்பூட்டா, ஐயோ யாருக்கா பூட்டாங்க, நேத்து சாயங்காலம்கூட அண்ணன நல்லாப் பாத்தேனேன்னு. ஐஸ் கட்டின்னா நம்ம பக்கம் வேற எதுக்கு வாங்கப் போறாங்க. வெவரத்த சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பால கட்டிய சாக்குல சுத்திக் குடுத்துட்டு சொன்னா, முப்பது வருஷமா ஐஸுலயே கை வெச்சிக்கினு கீறேன், ஐஸு ஒண்ணும் பண்ணாதுக்கா, ஈரத்தோட அப்புடியே இருந்தாத்தான் ஆவாது, அப்பப்ப தொடச்சி காயவெச்சிக்கினா போதும்னு. இத எழுதி வெச்சிக்கோ. சாக்ஸ் ரெண்டு ஜோடி கூட எடுத்துக்கோ. வூட்டுக்கு வந்து வாசல்ல கட்டிய வெச்சி அது மேல சைக்கிள் சக்கரத்த ஏத்தி ஒரு அழுத்து அழுத்தனேன் பாரு, சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முட்டியில லேசா சிராய்ப்புதான், நீ ஒண்ணும் பயப்படாத. உங்க அப்பா கை குடுத்து தூக்கிட்டு, எரநூத்தி நாப்பது கிலோமீட்டராம், நீ எரநூத்தி நாப்பது அங்குலம்கூட போவலன்னாரு. கட்டி வெயில்ல கரைஞ்சி மல்லிச்செடிக்கு பாஞ்சிது. நான் பக்கத்துலயே உக்காந்து அது முழுசா கரையற வரைக்கும் பாத்துக்கினு இருந்தேன்.

அதுல இருந்து எனக்கு ஒரு மாதிரி நெனப்பாவே கீது குழலி. காலையில ஆறரைக்கு தபால் பைய எடுத்தார உத்திரமேரூர் போறப்ப ஏரிக்கரை மேல பனி எறங்கியிருக்கும், எதுக்க வர்ற வண்டி தெரியாது, ஏரி எங்க முடியுது வானம் எங்க தொடங்குதுன்னு தெரியாது. அப்ப தண்ணி சத்தம்கூட கேக்காது. முந்தாநாளு அப்புடி போய்க்கினு இருக்கறப்ப, ஏரி உறைஞ்சே போச்சின்னு தோணிப்போச்சு. கரைய வுட்டு எறங்கி தண்ணி மேலயே மிதிக்கறேன். கொக்குங்க ஒத்தக் கால்ல அப்புடியே நிக்குதுங்க. அடியில மீனுங்க மெதுவா திரும்பி என் சக்கரத்தப் பாக்குதுங்க. குளிரே இல்ல. திருப்புலிவனம் கோபுரம் அந்தாண்ட கரையில தெரியுது, அத்த பாத்துக்கினே போறேன், எனக்கு முன்னால எட்டு சைக்கிளு, கடைசி சைக்கிள்ல செவப்பு குல்லா போட்டுக்கினு நீ. கூப்பிட்டா திரும்பிப் பாத்து வுழுந்துடுவியோன்னு நான் கூப்புடவே இல்ல. அப்பால ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சான், பாத்தா நான் கரை மேலதான் கீறேன், ரோட்டுக்கு நடுவுல. அவன் திட்டினது எனக்கு உறைக்கவே இல்ல.

இப்ப ஒண்ணு சொல்லணும். உங்க அப்பாவுக்குக்கூட இத நான் சொன்னதில்ல. ரெண்டாயிரத்தி அஞ்சு, ஐப்பசி மழ, நீ அப்ப மூணாங்கிளாசு. ஏரி ரொம்பி கோடி வழியா வெளிய வழிஞ்சி, அந்தத் தண்ணி ரோட்டு மேலயே பாஞ்சிக்கினு இருந்துச்சு. தண்ணிக்கு அந்தாண்ட ஊர்ல சாந்தினின்னு ஒரு பொண்ணு, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கினே இருப்பா, தெனம் வாசல்ல நின்னு எனக்கு ஏதாச்சும் கீதாக்கான்னு கேப்பா. அன்னிக்கு அவளுக்கு ஒரு கவர் வந்துச்சு. எடுத்துக்கினு போனேன். திருப்பத்துல பால்காரர் ஒருத்தர் எதுக்க வந்து, முட்டி அளவு தண்ணி, அடியில பாசி வேற வழுக்குது, பொம்பள தனியா போவாதம்மான்னாரு. நான் போய் தண்ணிய பாக்கக்கூட இல்ல, அங்கயே திரும்பிட்டேன். ஒரு நாள்ல இன்னா ஆயிடப்போவுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். வந்த அன்னிக்கே குத்த வேண்டிய தேதி முத்திரைய மறுநாள் காலையில மறுநாள் தேதி வெச்சி குத்தி, தண்ணி வடிஞ்சதும் எடுத்துக்கினு போய் குடுத்தேன். செங்கல்பட்டுல இண்டர்வியூ, காலையில பத்து மணிக்கு, அன்னிக்கே. நான் குடுக்கறப்ப மணி பன்னெண்டு. அவ படிச்சிட்டு கவர மடிச்சி வெச்சிட்டு, மழையில வந்து குடுத்ததே பெரிசுக்கான்னு சொல்லி எனக்கு டீ போட்டுக் குடுத்தா. நான் அந்த டீயக் குடிச்சேன் குழலி. அதத்தான் இன்னிக்கும் என்னால முழுங்க முடியல.

அப்பால அவ வேற எடத்துல வேல தேடிக்கினா, ரெண்டு புள்ளைங்க, நல்லாத்தான் கீறா. என்ன எங்க பாத்தாலும் வண்டிய நிறுத்திப் பேசுவா. நீ கேட்ட கேள்விய மனசுல வெச்சிக்கினு நேத்து காணும் பொங்கலன்னிக்கு அவ வூட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன், முத்திரை கதையும்தான். அவ அடுப்ப அணச்சிட்டு வந்து எதுக்க உக்காந்தா. அப்பால, தெரியும்க்கா, மொத நாளே நீ திருப்பத்துல திரும்பிப் போனத பால்காரர் சொன்னாரு, முத்திரை மையும் காயவே இல்ல, என் கட்ட வெரல்ல ஒட்டிச்சின்னா. இருவது வருஷமா தெரிஞ்சிக்கினேதான் வண்டிய நிறுத்தி பேசியிருக்கா. எனக்கு அழுகையா வந்துச்சு, அவ இன்னாக்கா நல்ல நாளும் அதுவுமான்னு வடை எடுத்தாந்து குடுத்தா.

தண்ணியில எறங்காதது தப்பு இல்ல கண்ணு. பயமா இருந்தா பயமா கீதுன்னு சொல்லலாம். அவளுக்கு வர வேண்டிய ஒரு நாள, அவளக் கேக்காம நானே எடுத்து பையில வெச்சிக்கினேன் பாரு, அதுதான் தப்பு. அந்தத் தப்ப இன்னொரு தடவ, அதுவும் நான் பெத்த பொண்ணுகிட்ட, பண்ண மாட்டேன். அதனால இந்த லெட்டர ஸ்பீடு போஸ்டுல போடல, சாதா ஏர்மெயில்லதான் போடறேன். எனக்குத் தெரியாததா, உங்க ஊருக்கு கொறைஞ்சது பதினஞ்சு நாளாவும். இது உன் கைக்கு வர்றப்ப இருவதாந்தேதி பூட்டிருக்கும், நீ பேர் குடுத்திருப்ப, இல்ல குடுத்திருக்க மாட்ட. எதுவா இருந்தாலும் அது நீயா எடுத்த முடிவு. நடுவுல நீ போன் பண்ணா, சாப்ட்டியா, தலைக்கு எண்ணெ வெச்சியான்னுதான் கேப்பேன், வேற பேச மாட்டேன், கோச்சிக்காத. அம்மா மனசுல இன்னா கீதுன்னு கேட்டா, பயம் கீது, வயிறு நெறைய கீது. கூடவே நானும் ஒரு சைக்கிள் எடுத்துக்கினு உன் பின்னால வந்துடணும்னு ஆசையும் கீது. ரெண்டையும் எழுதிட்டேன், எதையும் பையில வெச்சிக்கல.

போறதா இருந்தா, அந்த மழைக்கப்பால பாசி மேல ஓட்டி ஓட்டி நான் கத்துக்கினத கேட்டுக்கோ. வழுக்குதுன்னு தெரிஞ்சா பிரேக்க புடிக்காத, ஹாண்டில திருப்பாத, கீழ பாக்காத, மெதுவா மிதிச்சிக்கினே போ. டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா இருக்கட்டும். முடியலன்னா எறங்கி தள்ளு, அதுல ஒரு மானக்கேடும் இல்ல, நான் பாதி சம்பளத்த சைக்கிள தள்ளித்தான் சம்பாரிச்சேன். போவலன்னா, அந்த ஏழு பேரு திரும்பி வர்ற அன்னிக்கு சூடா ரசம் வெச்சிக் குடு, கதை கேளு. கையுறை பின்னிக் குடுத்த அம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லு.

உத்திரமேரூர் சுந்தர வரதரும் திருப்புலிவனத்து ஈஸ்வரனும் உன் ரெண்டு சக்கரத்துக்கும் ரெண்டு பக்கமும் வரட்டும். ஐஸோ மண்ணோ, நீ மிதிக்கற எடம் உன்னத் தாங்கட்டும், தீர்க்காயுசா இரு.

இப்படிக்கு,
உன் அம்மா,
த. கனகா

மறக்காத: கவர் மேல தேதி முத்திரைய நானே குத்தியிருக்கேன், இன்னிய தேதிதான், பாத்துக்கோ. இன்னொண்ணு. இன்னா முடிவு பண்ணன்னு போன்ல சொல்லாத, எழுதிப் போடு. லேட்டானாலும் பரவால்ல. இருவத்தாறு வருஷமா ஊருல கீற எல்லார் வூட்டு வாசல்லயும் பெல்லடிச்சிட்டேன், நம்ம வூட்டுக்குன்னு ஒரு லெட்டர் எடுத்துக்கினு வந்ததில்ல. ஒரு தடவயாவது நம்ம வாசல்ல சைக்கிள நிறுத்தி, பெல்லடிச்சி, தபால்னு உங்க அப்பாவ கூப்புடணும் எனக்கு.